ஆல் மவுண்டன் ஸ்கீ: எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு? டெல்டாவிலிருந்து வரும் கேள்விகள்

கும்பகோணத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் காவிரிப் படித்துறையை மறைக்கிற மூட்டம்தான். அதில் சறுக்க முடியாது. வேலைக்காக மியூனிக்கில் நான்கு வருடம் இருந்தபோது நான் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன், அதாவது பூட்ஸில் ஸ்கீ என்கிற நீளப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குவது. ஊர் திரும்பிய பிறகும் தை, மாசியில் இரண்டு வாரம் காஷ்மீரில் குல்மார்க் போய்வருகிறேன். இது தெரிந்ததிலிருந்து போன் ஓயவில்லை. காஷ்மீர் டூர் கிளம்புகிற மன்னார்குடி நண்பர், டொரன்டோவில் பையன் இருக்கிற மயிலாடுதுறை அக்கா என்று யார் பேசினாலும் எந்த ஸ்கீ எடுப்பது என்கிற கேள்வி மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணே, முதல்ல இந்த "ஆல் மவுண்டன்"னா என்ன? எல்லா மலைக்கும் ஒரே ஸ்கீயா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்கீயின் இடுப்பு, அதாவது பூட்ஸுக்குக் கீழே வருகிற நடுப்பகுதி, எவ்வளவு அகலம் என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். 80 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த கெட்டிப்பனிக்கு. 100-க்கு மேலே போனால் முழங்கால் புதைகிற பொடிப்பனிக்கு. இடையில் இருப்பதுதான் ஆல் மவுண்டன். எல்லா இடத்திலும் சமாளிக்கும், எதிலும் முதல் மார்க் வாங்காது.

ஸ்கீ மேல் 132-88-114, R16 என்பது மாதிரி அச்சிட்டிருப்பார்கள். முன்முனை, இடுப்பு, வால் மூன்றின் அகலம் மில்லிமீட்டரில். R16 என்றால் அந்தப் பக்கவாட்டு வளைவைப் பெரிய வட்டமாக நீட்டினால் அதன் ஆரம் 16 மீட்டர். எண் சிறிதானால் குறுகலாகத் திரும்பும்.

என் உயரம் 5 அடி 7. எத்தனை சென்டிமீட்டர் வாங்கணும்? சுத்தி வளைக்காம ஒரே நம்பரா சொல்லுங்க சார்.

ஒரே நம்பர் சொல்கிறவர் கையில் விற்காத சரக்கு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 5 அடி 7 என்றால் 170 செ.மீ. ஸ்கீயை நிமிர்த்தி வைத்து முன்முனை முகத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். புதிதாகக் கற்பவருக்குத் தாடையை ஒட்டி, உங்களுக்கு 150 முதல் 155. தடுமாறாமல் இறங்கத் தெரிந்தவருக்கு கண்ணுக்கும் நெற்றிக்கும் நடுவே, 160 முதல் 167. வேகமாக, செங்குத்தான சரிவிலும் இறங்குகிறவருக்குத் தலை உயரமோ அதற்குச் சற்று மேலேயோ.

இது முதல் கணிப்புதான். இதை வைத்துக் கடைக்குள் நுழையலாம், பணம் கட்டிவிட வேண்டாம்.

உயரத்தை வச்சுத்தானே நீளம் பாக்குறோம்? அப்புறம் எடையை எதுக்கு கேக்குறீங்க? கூச்சமா இருக்குல்ல?

கூச்சப்பட்டால் முட்டிதான் போகும். ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது. அதன் மேல் எத்தனை கிலோ நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

வயலுக்குப் போகிற வழியில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பையன் ஓடினால் பலகை அசையக்கூட அசையாது. உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியப்பா நடந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடும். அதே பலகைதான். ஸ்கீ திரும்புவதே இந்தத் தொய்வால்தான்: விளிம்பில் சாய்த்து அழுத்தும்போது ஸ்கீ வில்லாக வளைகிறது, அந்த வளைவின் வழியே ஓடுகிறது. உங்கள் எடையால் அதை வளைக்க முடியவில்லை என்றால் அது நேராகத்தான் போகும். அளவுக்கு மீறி வளைந்தாலோ பிடிப்பு இல்லாமல் உதறும்.

ஆகவே உயரத்துக்கு எடை குறைவாக இருப்பவர் மேலே சொன்ன கணக்கில் 5 செ.மீ. குறைக்கலாம். எடை கூடியவர் அதே அளவு கூட்டலாம். ஆனால் அவர் முதலில் கவனிக்க வேண்டியது விறைப்பை. நீளம் அதற்கு அப்புறம்.

விறைப்பு விறைப்புன்னு சொல்றீங்க. அது ஸ்கீயில எங்க எழுதியிருக்கும்? நான் தேடிப் பாத்தேன், காணோம்.

இருக்காது. இந்த விஷயத்தில் ஆட்கள் ஏமாறுகிற இடமே இதுதான். நீளத்தை அச்சிடுகிறார்கள், அகலத்தை அச்சிடுகிறார்கள், ஆரத்தையும் அச்சிடுகிறார்கள். விறைப்புக்கு மட்டும் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இல்லை. அதனால் அச்சிட்டிருப்பதை வைத்து மல்லுக்கட்டிவிட்டு, அச்சிடாததைக் கேட்காமலே வாங்கி வந்துவிடுகிறோம்.

எண்ணில் எழுதாத விறைப்பு நமக்குப் புதிதில்லை. திருவாவடுதுறைப் பக்கம் நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்கிறார்கள். எந்தச் சீவாளியிலாவது நம்பர் போட்டிருக்கிறதா? வித்வான் உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதுகிறார். தன் மூச்சுக்கு அது இணங்குகிறதா என்று பார்க்கிறார், இல்லையென்றால் அடுத்ததை எடுக்கிறார். வாத்தியத்தில் நாலைந்து சீவாளி தொங்குவது அழகுக்காக இல்லை. ஸ்கீயும் அப்படித்தான், போட்டு ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகைக்கு இரண்டு மூன்று வகை மாற்றிப் பார்ப்பது அதற்கு ஆகிற செலவு.

இன்னொன்று. விறைப்பு இரண்டு விதம். நீளவாக்கில் எவ்வளவு வளைகிறது என்பது ஒன்று. ஈரத்துணியைப் பிழிவது போல் முறுக்கினால் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பது இன்னொன்று. நீளவாக்கில் இளகலாகவும் முறுக்குக்குக் கெட்டியாகவும் இருக்கிற ஸ்கீ, சொன்ன பேச்சையும் கேட்கும், கெட்டிப்பனியையும் பிடிக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு வேண்டியது அதுதான்.

விறைப்பா இருந்தா உசத்தி, வளைஞ்சு கொடுத்தா மட்டம். அதானே?

நானும் அப்படி நினைத்துத்தான் 184 செ.மீ. நீளத்தில், உள்ளே இரண்டு உலோகத் தகடு வைத்த ஒரு ஜோடியை வாங்கினேன். மியூனிக்கில் சீசன் முடிகிற நேரத் தள்ளுபடி. என் உயரம் 171, எடை 63. "இதற்கு மேல் நீங்கள் வேறு வாங்கவே வேண்டாம்" என்றார் கடைக்காரர். அது ஒரு விதத்தில் பலித்திருக்கும், காலை உடைத்துக்கொண்டிருந்தால்.

குல்மார்க்கில், ரோப் கார் நடுவில் நிற்கிற கோங்டூரிக்குக் கீழே, காலையில் முதல் இறக்கம். அகலமான, சாதுவான சரிவு. இடது பக்கம் திரும்ப வலது காலை அழுத்துகிறேன், ஸ்கீ அசைந்து கொடுக்கவில்லை. பயத்தில் உடம்பு பின்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் முன்முனை மேல் எடையே இல்லை, விறைத்த வால் தண்டவாளம் போட்ட மாதிரி நேரே இழுத்துக்கொண்டு போனது. ஓரத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு வலையில் போய் விழுந்தேன். வாயெல்லாம் பனி, ஒரு கையுறையைக் காணவில்லை. அந்தப் பக்கம் வந்த காஷ்மீரிப் பயிற்சியாளர் என் ஸ்கீயில் ஒன்றைத் தூக்கி, வாலைப் பனியில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தனை கிலோ?" 63 என்றேன். சிரித்துவிட்டு ஸ்கீயைத் திருப்பிக் கொடுத்தார். உயரத்தை அவர் கேட்கவே இல்லை.

விறைப்பான ஸ்கீ வேகத்தில் நடுங்காது, இறுகிய பனியில் வழுக்காது, கனத்த ஆளைத் தாங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அதை வளைக்க வேகமும் எடையும் பழக்கமும் வேண்டும். மெதுவாகப் போகிற ஒல்லியான ஆளுக்கு அது தண்டனை.

கடையிலயே கையால வளைச்சுப் பாத்து கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவுக்கு முடியும். வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையில் பிடித்து, நடுவில் மற்றக் கையால் அழுத்துங்கள். முன்பக்கம் இளகி, நடுவும் வாலும் இறுகி இருந்தால் கற்றுக்கொள்கிறவருக்கும் நடுத்தரக்காரருக்கும் நல்லது. வால் மிகவும் இறுகியிருந்தால் என் கதைதான். ஒரே ஒரு ஸ்கீயை வளைத்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். நான்கைந்தை வளைத்துப் பார்த்தால்தான் கைக்கு வித்தியாசம் பிடிபடும்.

உள்ள டைட்டானியம் இருக்குன்னு விலையை ஏத்தி சொல்றாங்களே?

அது டைட்டானியம் இல்லை, டைட்டனால். அலுமினியக் கலவைத் தகடு. பெயர்தான் அப்படி ஏமாற்றுகிறது. ஸ்கீயின் நடுவில் மரம் இருக்கும்: பாப்லர், பீச், ஆஷ், எடை குறைக்க பவுலோனியா. அதற்கு மேலும் கீழும் கண்ணாடி இழை. சிலவற்றில் அதோடு டைட்டனால் தகடோ கார்பனோ சேர்ப்பார்கள். நார்டிகாவின் என்ஃபோர்சரில் இரண்டு டைட்டனால் தகடுகள், ஆளை அமுக்கி நிதானமாக ஓடும். ஸ்லோவேனியாவின் எலான் செய்கிற ரிப்ஸ்டிக்கில் மரத்தோடு கார்பன் தண்டுகள், துள்ளலாக இருக்கும். தகடு அதிர்வை விழுங்குகிறது, எடையைக் கூட்டுகிறது. கார்பன் எடையைக் குறைக்கிறது, அதிர்வைக் காலுக்கு அனுப்புகிறது.

ஆனால் தகடு இருந்தாலே விறைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தடிமன்தான் பெரிய புள்ளி. ஒரே பொருளில் செய்த பலகையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். மெல்லிய மரத்தில் தகடு வைத்தது இளகலாகவும், தகடே இல்லாத தடித்த ஸ்கீ உலக்கையாகவும் இருக்கலாம்.

ராக்கர் இருந்தா நீளமா எடுக்கணும்னு ஒருத்தர் சொல்றார், வேண்டாம்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?

முதலாமவரை. பழைய பாணி ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுவில் மேடாக, இரு முனையும் தரையைத் தொட்டபடி இருக்கும். அது கேம்பர். ராக்கர் என்றால் முன்முனை, சிலவற்றில் வாலும், தோணி மூக்கு மாதிரி முன்கூட்டியே மேலே எழும்பத் தொடங்கும். பொடிப்பனியில் மேலே மிதக்க அது உதவும். ஆனால் கெட்டிப்பனியில் எழும்பிய பகுதி தரையைத் தொடாது. அச்சிட்டிருப்பது 172 என்றாலும் பனியைப் பிடிக்கிற விளிம்பு அதைவிட நன்றாகக் குறைவு. அதனால் ராக்கர் அதிகமான ஸ்கீயில் வழக்கத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூட்டி எடுக்கலாம். அந்தக் கூடுதல் நீளம் திருப்பும்போது காலை இழுக்காது.

எனக்குப் பிடிச்ச ஸ்கீ 172-லயும் 180-லயும்தான் வருது. நான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். எது?

எல்லோரும் மாட்டுகிற இடம் இது. கம்பெனிகள் ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: ஒரே மாடலில் பெரிய அளவு, வெறும் நீளம் கூடியது இல்லை. பெரும்பாலும் அது சற்று விறைப்பாகவும், திரும்பும் ஆரம் பெரிதாகவும் இருக்கும். பெரிய அளவை எடுப்பவர் கனமானவர் என்று வைத்துத்தான் செய்கிறார்கள்.

ஆகவே எடையைக் கேளுங்கள். 60-70 கிலோவில் இருந்து, மரங்களுக்கு நடுவிலும் மேடு பள்ளத்திலும் நிதானமாக இறங்குகிறவருக்கு 172. 80 கிலோவைத் தாண்டி, அகலமான சரிவில் நீண்ட வளைவு போடுகிறவருக்கு 180. அப்படியும் தீரவில்லை என்றால், கடந்த வருடம் உண்மையில் எத்தனை நாள் பனியில் நின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால் சின்னது.

பாப்பாவுக்கு 11 வயசு. வளர்ற பொண்ணு, ரெண்டு சைஸ் பெருசா வாங்கிட்டா அடுத்த வருஷமும் ஆகும்ல?

பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்றால் விளிம்பை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். ஸ்கீயை மடிக்க முடியாது. நீளமும் விறைப்பும் கூடினால் குழந்தை பின்னால் சாய்ந்தே பழகிவிடும். அப்புறம் அதை மாற்ற வருடக்கணக்கில் ஆகும். மார்புக்கும் தாடைக்கும் நடுவே, நன்றாக ஓட்டினால் மூக்கு வரை. குழந்தைகளுக்கென்றே செய்த இளகலான ஸ்கீதான் வேண்டும். வாங்கவே வாங்காதீர்கள், வாடகைதான் லாபம்.

லேடீஸ் ஸ்கீன்னு தனியா இருக்கே, அது வெறும் கலர்தானே?

சிலவற்றில் கலர் மட்டும்தான். சிலவற்றில் மரம் லேசாக, தகடு மெலிதாக, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பைண்டிங் பூட்டும் இடம் சற்று முன்னால் தள்ளி இருக்கும். எடை குறைவான ஆண்களுக்கும் அது தாராளமாகப் பொருந்தும். 58 கிலோ உள்ள நண்பர் ஒருவருக்குச் சொன்னேன், ஊதாப் பூ போட்டிருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டார். விழுந்துகொண்டிருக்கிறார்.

எங்க மாமனார் அந்தக் காலத்துல ஜெர்மனியில இருந்தவர். கையை மேல தூக்கி மணிக்கட்டு அளவுக்கு எடுக்கணும், 2 மீட்டருக்குக் குறையக் கூடாதுங்கிறார். அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

அவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. அப்போது ஸ்கீ ஏறக்குறைய நேராக இருந்தது. பனியைப் பிடிக்க நீளத்தை விட்டால் வேறு வழி இல்லை. 1993-ல் எலான் கம்பெனி எஸ்சிஎக்ஸ் என்று இடுப்பு ஒடுங்கிய ஸ்கீயைக் கொண்டுவந்தது. சில வருடங்களில் எல்லோரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வளைவே திரும்புகிற வேலையைச் செய்வதால் நீளம் குறைந்தது. மாமனாரிடம் வாதாட வேண்டாம், இடுப்பு அகலம் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கீயைக் காட்டுங்கள். அவரே புரிந்துகொள்வார்.

குல்மார்க்குக்குன்னு எடுத்தா எந்த அகலம்?

எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோண்டோலா, அதாவது ரோப் கார், சுமார் 2,650 மீட்டரில் கிளம்பி, இரண்டு கட்டமாக அபர்வத் மலையில் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம் ஏற்றிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அப்படி இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள். மேல் கட்டத்தில் இயந்திரம் ஓட்டிய பாதைகளை எதிர்பார்க்காதீர்கள், பெய்த பனி பெய்தபடியே கிடக்கும். நடவுக்கு முன் சேற்றில் உழுகிற டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுவது புதையாமல் இருக்கத்தானே. அங்கே அகலமும் அதே வேலையைச் செய்கிறது, 95-லிருந்து 100-க்கு மேலேயும் போகலாம். பனிச்சரிவு அபாயம் உள்ள இடம் அது. வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது.

முதல் இரண்டு மூன்று வருடம் கீழே உள்ள சரிவுகளில்தான் இருப்பீர்கள் என்றால் 82 முதல் 88 போதும். அங்கே மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே கற்றுக்கொண்டு அப்புறம் ஸ்கீ வாங்குகிற யோசனைக்கு வரலாம்.

பையன் டொரன்டோவுல இருக்கான். அவனுக்கும் இதே கணக்கா?

நீளம், எடைக் கணக்கு அதேதான். பனி வேறு. அங்கே சிறிய குன்றுகள், உருகி உறைந்து இறுகிய பனி. அகலத்தை 80-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன இரண்டாவது விறைப்பை, முறுக்குக்கு எதிரான விறைப்பை, பார்க்கச் சொல்லுங்கள். குன்று சின்னதாக இருப்பதால் அடிக்கடி திரும்ப வேண்டும், ஆரம் 15-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. நீளமாக எடுத்து என்ன செய்வது? வேகம் பிடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிடும்.

நீளமா, ஆனா இளகலா ஒண்ணு. குட்டையா, ஆனா விறைப்பா ஒண்ணு. ரெண்டுல எது தேவலாம்?

நல்ல கேள்வி. பெரும்பாலோர் குட்டையாக எடுத்தால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வாய்க்கால் பலகையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அதே தடிமனில் குட்டைப் பலகை இன்னும் குறைவாகத்தான் தொய்யும். குட்டையான விறைப்பு ஸ்கீ கெட்டிப்பனியில் வேகமாக, குறுகலாகத் திரும்பப் பழகியவருக்கு. மற்ற எவருக்கும், குறிப்பாகப் பொடிப்பனியில், நீளமான இளகல்தான் தேவலாம்: தாங்குகிற பரப்பு கிடைக்கிறது, வளைக்கவும் முடிகிறது. 95 கிலோவில் 165 செ.மீ. உயரம் உள்ளவர் மட்டும் விதிவிலக்கு. அவர் உயரத்தை ஒட்டிய நீளத்திலேயே நடுத்தரத்துக்கு மேலான விறைப்பைத் தேட வேண்டும்.

பூட்ஸ்ல 90, 110, 130னு போட்டிருக்கே, அது ஸ்கீ விறைப்புக்கான நம்பரா?

இல்லை, அது பூட்ஸின் விறைப்பு. அதிலும் ஒரு கம்பெனியின் 100 இன்னொன்றின் 100 ஆகாது. விறைத்த ஸ்கீயை இளகிய பூட்ஸால் ஆள முடியாது. இளகிய ஸ்கீக்கு 130 பூட்ஸ் போட்டால் லேசாகக் கால் அசைத்ததற்கே துள்ளும். ஆண்களில் கற்றுக்கொள்பவருக்கு 70 முதல் 90.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பூட்ஸ் வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். வருடம் முழுக்கச் செருப்பில் திரிந்த நம் கால் விரல்கள் விரிந்திருக்கும். குறுகிய பூட்ஸ் அரை மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். முன்பாத அகலம் 102 மில்லிமீட்டரை ஒட்டிய பூட்ஸைக் கேட்டுப் பாருங்கள். பைண்டிங் திருகை மட்டும் நீங்களே திருப்பாதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், ஓட்டும் விதம் எல்லாம் பார்த்துக் கடையில் வைத்துத் தருவார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே கழன்றுவிடும்.

சொந்தமா வாங்கினா நம்ம ஊர்ல எப்படி வச்சிருக்கிறது? ரயில்ல கொண்டு போக முடியுமா?

உழவன் எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கைக்கு அடியில் நீளவாக்கில் தள்ளிவிடுவேன். ஒருமுறை எதிர் இருக்கைப் பெரியவர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நரசிங்கம்பேட்டை நாதஸ்வரமா தம்பி?" என்றார். மரம்தான் என்றேன், பொய்யில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று விளிம்பு எஃகைத் தின்னும். சீசன் முடிந்ததும் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, விளிம்பில் தையல் மெஷின் எண்ணெய் மெலிதாகத் தடவி, அடிப்பக்கம் மெழுகைத் தடிமனாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே பரணில் படுக்கவைக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எறும்பு வருகிறது, அனுபவம்.

எல்லாம் சரி, நீங்க இப்ப எது வச்சிருக்கீங்க?

172 செ.மீ., இடுப்பு 88, உலோகத் தகடு இல்லாதது, முன்பக்கம் லேசான ராக்கர். அதே 63 கிலோ.

அந்த 184 மியூனிக்கில் இருக்கிற மச்சானிடம் போய்விட்டது. அவர் 92 கிலோ, பதினைந்து வருடமாக ஓட்டுகிறவர். போன வாரம் போன் செய்தார். ஸ்கீ நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் வேகத்தில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதாம். இன்னும் விறைப்பாக ஒன்று பார்த்துச் சொல்லச் சொல்கிறார்.